ஆறு நோட்டு, பன்னிரண்டு ஓட்டை

டாலர் என்ன விலை என்று ஓன் யின்னிடம் கேட்டால் நேரான பதில் வராது. "எந்த டாலர்?" என்று திருப்பிக் கேட்பாள். தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் இதைத் திமிர் என்று நினைத்துக்கொள்வார்கள். திமிரெல்லாம் இல்லை. யாங்கோன் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சந்தில் அதைவிட நேர்மையான பதிலை யாராலும் சொல்ல முடியாது.

காலை ஒன்பதரையிலிருந்து மாலை நாலரை வரை அவளுக்கு டாலர் ஆறு கியாட். அவள் வேலை பார்த்தது ஓர் அரசு அலுவலகத்தில், ஏற்றுமதி இறக்குமதிப் புள்ளிவிவரப் பிரிவில். இத்தனை டாலருக்குத் தேக்கு போனது, இத்தனை டாலருக்கு மருந்து வந்தது என்று தாள்கள் வரும். ஒவ்வொன்றையும் ஆறால் பெருக்கிக் கியாட்டாக எழுத வேண்டும். இருபத்திரண்டு வருடமாக ஆறாம் வாய்ப்பாடு. அலுவலக வாசலில் இருந்த கடையில் ஒரு டீ நூறு கியாட். அரசாங்கக் கணக்குப்படி அது பதினாறு டாலருக்கு மேல். அந்த டீயைக் குடித்துவிட்டுத்தான் எல்லோரும் உள்ளே போய் ஆறால் பெருக்கினார்கள். யாரும் சிரித்ததில்லை. சிரிப்பை அடக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் அங்கே பதவி உயர்வு கிடைத்தது.

நாலரைக்கு மணி அடித்து, பஸ் ஏறிச் சந்து முனையில் இறங்கினால் டாலர் தொள்ளாயிரத்து அறுபது. வழியில் துறைமுகச் சுங்க மேசையில் அது நானூற்று ஐம்பது. கப்பலில் வந்திறங்கும் குளிர்பெட்டிக்கு வரி போட அந்த விலை. அரசாங்கமே அச்சடித்துவிட்ட டாலர் சீட்டு என்று வேறு ஒன்று உண்டு. ஒரு சீட்டு ஒரு டாலருக்குச் சமம் என்று அதன் நெற்றியிலேயே போட்டிருக்கும். சந்தையில் அதற்குத் தொள்ளாயிரத்து நாற்பதுதான் தருவார்கள். ஒரே ஊர், ஒரே நாள், ஒரே டாலர். வெளியூர்க்காரர்களுக்குத் தலை சுற்றும். எங்கள் ஆட்களுக்கு எந்தக் கதவைத் தட்டும்போது எந்த விலை என்பது கண்ணை மூடிக்கொண்டு நடக்கும் பாதை.

அதோடு முடிந்தாலும் பரவாயில்லை. தொள்ளாயிரத்து அறுபது என்பது புத்தம் புது நூறு டாலர் நோட்டுக்கு மட்டும். நடுவில் மடித்த கோடு இருந்தால் இருபது கியாட் குறைப்பார்கள். முகம் சின்னதாக அச்சான பழைய நோட்டென்றால் ஐம்பது. எந்த ஊர்க் கடைக்காரனாவது பேனாவால் ஒரு புள்ளி வைத்திருந்தால் எழுபது. பத்து, இருபது டாலர் நோட்டுகளை இரண்டு விரலால் நுனியைப் பிடித்து வாங்குவார்கள், செத்த எலியைத் தூக்குகிற மாதிரி. ஓட்டை விழுந்த நோட்டா? எண்ணூறு. அதுவும் வாங்குகிறவன் அன்று காலையில் வீட்டில் சண்டை போடாமல் வந்திருந்தால்.

இந்த நோட்டுகளைப் பார்த்துச் சொல்வதுதான் ஓன் யின்னின் மாலை வேலை. மாற்றித் தரமாட்டாள், அது ஜெயில் சமாச்சாரம். பார்ப்பாள், சொல்வாள், அவ்வளவுதான். சந்தில் பாதி வீட்டு ஆண்கள் கப்பலில் வேலை பார்த்தார்கள். ஊர் திரும்பியதும் மனைவி முகத்தைப் பார்த்த கையோடு ஓன் யின் வீட்டு மேசைக்கு வந்துவிடுவார்கள். அவள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, குழல்விளக்குக்கு நேராக நோட்டை விளிம்பில் பிடித்துப் பார்ப்பாள். குறையில்லாத நோட்டுக்கு அவள் வைத்த பெயர் மாப்பிள்ளை. பழசு, சின்ன முகம் என்றால் மாமனார். கறையோ கிழிசலோ இருந்தால் நோயாளி. ஒரு நோட்டுக்கு இருபது கியாட் கூலி. நோயாளிக்குக் கூலி கிடையாது. அழுதுகொண்டு போகிறவரிடம் காசு வாங்குவது பாவம் என்பாள்.

"அக்கா, இது சிங்கப்பூர்ல பேங்க்லயே குடுத்ததுக்கா!" என்று நே லின் என்ற கப்பல்காரன் ஒருமுறை மல்லுக்கு நின்றான்.

"பேங்க்காரன் குடுத்தான், சரி. நீ அதை எதுல வெச்சுக் கொண்டாந்த?"

"பர்ஸ்ல."

"பின்பாக்கெட்டு பர்ஸ். அது மேலயே உக்காந்து ஏழு நாள் வந்திருக்க. பாரு, உன் பின்பக்கம் அப்படியே பதிஞ்சிருக்கு. தொள்ளாயிரத்து முப்பதுக்கு மேல ஒருத்தன் தரமாட்டான்."

சொன்னால் சொன்னதுதான். பெரிய சந்தை வியாபாரிகள்கூட, "ஓன் யின் பார்த்தாச்சா?" என்று கேட்டுவிட்டு நோட்டைத் திருப்பிப் பார்க்காமல் வாங்குவார்கள்.

அவள் கணவன் லுவின் வாடகைக் கார் ஓட்டினான். வாய் நிறைய வெற்றிலை, வெற்றிலை இல்லாத இடமெல்லாம் கேலி. ஓன் யின்னுக்கு மாதச் சம்பளம் ஒன்பதாயிரம் கியாட். வண்டியில் ஏறுகிற முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் அவன் சொல்வான்: "என் பொண்டாட்டி மாசம் ஆயிரத்தைந்நூறு டாலர் சம்பாதிக்கிறா. நான் சொல்லலைங்க, அரசாங்கம் சொல்லுது. என்ன, கொழம்புல போட எறாதான் இல்ல."

இப்படிப்பட்டவளுக்கு வாழ்க்கையில் ஓர் ஆசைதான் இருந்தது. புத்தகயாவுக்குப் போய் அந்தப் போதி மரத்தடியில் உட்கார வேண்டும். பதினோரு வருடம் இருபது இருபது கியாட்டாகச் சேர்த்து, லுவின் வண்டிக் காசையும் கொஞ்சம் கிள்ளி, அவ்வப்போது ஒரு நூறு டாலர் நோட்டு வாங்கினாள். ஆறு நோட்டு. ஆறும் மாப்பிள்ளை. இரண்டு காலண்டர் அட்டைகளுக்கு நடுவில் மெத்தைக்கு அடியில் வைத்திருந்தாள். அந்தப் பக்கம் புரண்டு படுக்கக்கூட லுவினுக்கு அனுமதியில்லை.

"பதினோரு வருஷமா கட்டில் ஓரத்துல தொங்கிட்டுக் கெடக்கேன். ஆறு மாப்பிள்ளைங்க நடுவுல சொகமா படுத்திருக்காங்க," என்பான்.

தலைநகரை வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போனதற்கு முந்தின வருடம் அது. யாத்திரைக் குழு நடத்துகிற தவுங் பே டிசம்பரில் முப்பது பேரைப் புத்தகயாவுக்கு அழைத்துப்போவதாகச் சொன்னார். ஆளுக்கு அறுநூறு டாலர், குறையில்லாத நூறு டாலர் நோட்டுகளாக. வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குள் கட்டாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். ஓன் யின்னுக்கு விடுப்பு அனுமதி கிடைக்க மூன்று வருடமும் ஐந்து கையெழுத்தும் ஆகியிருந்தன. அந்த அனுமதி அந்த டிசம்பருக்கு மட்டும்தான். பாஸ்போர்ட்டும் அப்படியே. இதைத் தவறவிட்டால் ஓய்வு பெற்ற பிறகுதான். அப்போது முழங்கால் என்ன சொல்லுமோ.

வியாழக்கிழமை அவள் ஆறு நோட்டையும் அலுவலகத்துக்கே கொண்டுவந்தாள். வேலை முடிந்ததும் நேராகத் தவுங் பேயிடம் போவதாகத் திட்டம். மடிப்பு விழக் கூடாதே என்று யாத்திரை விண்ணப்பம், பாஸ்போர்ட் நகல், விடுப்பு உத்தரவு ஆகிய தாள்களுக்கு நடுவில் நோட்டுகளைப் பதமாக வைத்து, எல்லாவற்றையும் ஒரு பெரிய உறைக்குள் போட்டிருந்தாள். மூன்றரை மணிக்குத் தாள்கள் வரிசையாக இருக்கின்றனவா என்று பார்க்க வெளியே எடுத்தாள். அந்த நேரம் பார்த்து சூப்பிரண்டு உள்ளே இருந்து குரல் கொடுத்தார்.

"ஓன் யின்! தேக்கு அறிக்கை என்னாச்சு?"

"இதோ வர்றேன் சார்!"

சொல்லிக்கொண்டே கையிலிருந்த தாள்களை மேசையில் இரண்டு தட்டுத் தட்டி ஓரம் சேர்த்தாள். கிண்ணத்திலிருந்து ஒரு குண்டூசியை எடுத்தாள். இடது மூலையில் குத்தி, வளைத்து, மேலே எடுத்தாள். சதக், சதக். இருபத்திரண்டு வருடமாக ஒரு நாளைக்கு நாற்பது முறை செய்த காரியம். அதற்கு மூளையின் உதவி தேவைப்படவில்லை. கைக்கே தெரியும்.

தேக்கு அறிக்கையைக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தபோதுதான் குண்டூசியின் தலை கண்ணில் பட்டது.

ஊசியை மெதுவாக உருவினாள். நோட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்தாள். உள்ளே போன இடத்தில் ஒன்று, வெளியே வந்த இடத்தில் ஒன்று. ஆறு நோட்டு, பன்னிரண்டு ஓட்டை. எல்லாம் ஒரே இடத்தில், அளந்து குத்தியதுபோல. யாராவது கப்பல்காரன் கொண்டுவந்திருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பாள்: நோயாளி, எண்ணூறு. பதினாறாயிரம் பெருக்கல் ஆறு, தொண்ணூற்று ஆறாயிரம் கியாட் நட்டம். அவளுடைய பத்து மாதச் சம்பளத்துக்கு மேல். அதைப் புரட்ட நாளை மதியம்வரை நேரம். அன்றைக்குத்தான் அவளுக்கு முதல் முறையாக அழுகிற கப்பல்காரர்களின் வயிற்றெரிச்சல் புரிந்தது.

வீட்டில் லுவின் நோட்டைக் கண்ணுக்கு நேரே பிடித்து ஓட்டை வழியாக அவளைப் பார்த்தான்.

"ரொம்பச் சின்ன ஓட்டைதான். ஆனா நீ முழுசா தெரியுற."

"சாவடிச்சிருவேன்."

"சரி, சரி. வெரலை எச்சில் தொட்டுத் தேய்ச்சா மூடிக்காதா?"

"எச்சில் பட்டா எழுநூறு."

"வண்டிய வித்துரலாமா?"

கேலிக்காரன் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. ஓன் யின்னுக்கு அப்போதுதான் கண்ணீர் வந்தது. "வண்டிய வித்துட்டு நீங்க எதை ஓட்டுவீங்க, என் வாயையா?" என்று அழுதுகொண்டே திட்டினாள்.

அழுத கண்ணோடு சந்து முனைக்கு வந்தவளை நிறுத்தியது பாப்பம்மா. சந்து முனையில் தோசை சுடுகிறவள். அவள் பாட்டனார் காலத்திலேயே கப்பலேறி வந்த குடும்பம். பிறந்தது, வளர்ந்தது, சண்டை போட்டது எல்லாம் யாங்கோனில். இரண்டு வருடத்துக்கு முன்னால் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தவள். நடந்ததைக் கேட்டதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். நிறுத்தாமல் சிரித்தாள்.

"ஏன்டி சிரிக்கிற? எனக்கு உசுரு போகுது!"

"யக்கா, நீங்க போறது எந்த ஊருக்கு?"

"புத்தகயாவுக்கு."

"அது எங்க இருக்கு? இந்தியாவுல! நில்லுங்க, ஒண்ணு காட்டுறேன்." மாவு டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தாள். உள்ளே நூறு ரூபாய் நோட்டு ஒன்று இருந்தது. ஊரிலிருந்து மிச்சமாகக் கொண்டுவந்தது.

ஓன் யின் அதை விளிம்பில் பிடித்து விளக்குக்கு நேராகத் தூக்கினாள். ஓரம் பூராவும் ஓட்டை. பத்தொன்பது எண்ணினாள், பிறகு விட்டுவிட்டாள். நடுவில் ஒட்டுத்தாள். வெள்ளை இடத்தில் யாரோ ஊதா மையில் ஒரு கூட்டல் கணக்குப் போட்டு, கீழே ஒரு பெண்ணின் பெயர் எழுதி இதயம் வரைந்திருந்தார்கள்.

"இது நோட்டா, இடியாப்ப அச்சா?"

"நல்ல நோட்டுக்கா. கடையில குடுத்தா ஒண்ணுமே பேசாம வாங்கிப்பான். அந்த ஊர் பேங்க்லயே நூறு நோட்டை அடுக்கி, இந்தா, இவ்ளோ தடிமனா ஒரு கம்பி போட்டுத் தைப்பாங்க. அதைப் பிரிக்கிறதுக்குள்ள நகம் போயிரும்."

"பேங்க்கே ஓட்டை போடுதா?"

"பேங்க்தான் போடுது!"

ஓன் யின் சந்து முனையில் இருந்த குட்டை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். எங்கள் ஊரில் டாலருக்கு எத்தனை விலை என்று அவளுக்குத் தெரியும். மடிப்புக்கு என்ன, மச்சத்துக்கு என்ன, நோய்க்கு என்ன என்று எல்லாம் தெரியும். இந்த விலைகளெல்லாம் நம் எல்லைக்கு இந்தப் பக்கம்தான் என்பது மட்டும் ஒருநாளும் தோன்றியதில்லை. அவள் எல்லையைத் தாண்டியதே இல்லை, பாவம். அந்த முப்பது பேரும் ஆளுக்கு நூறு, இருநூறு டாலர் கைச்செலவுக்கு எடுத்துக்கொண்டு இந்தியாவுக்குத்தான் போகிறார்கள். அங்கே போகிற நோட்டில் ஓட்டை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

"பாப்பம்மா, அடுப்பை அணை," என்றாள் எழுந்து. "என்கூட வா. அந்த நோட்டையும் எடுத்துக்க."

அன்று மாலை ஆறு மணிக்கு யாத்திரைக்குப் போகிறவர்கள் எல்லோரும் மடத்துக் கூடத்தில் கூடியிருந்தார்கள். குளிருக்கு என்ன எடுத்துவர வேண்டும், ரயிலில் யார் யாரோடு என்று தவுங் பே சொல்லிக்கொண்டிருந்தார். அவர் முடித்ததும் ஓன் யின் எழுந்து நின்று, நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். ஊசி குத்திய கதையைச் சொன்னபோது கூடம் முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது, யாரோ இறந்த செய்தி கேட்டதுபோல. பிறகு முதல் சிரிப்பு வந்தது. அது மியா சேனுடையது.

மியா சேன் பெரிய சந்தையில் லுங்கிக் கடை வைத்திருந்தவள், ஓன் யின்னைவிடப் பத்து வயது மூத்தவள். நான்கு வருடத்துக்கு முன்னால் அரிசிப் பானையில் பத்திரமாக வைத்திருந்த நூறு டாலரை ஓன் யின்னிடம் காட்டி, "நோயாளி அக்கா" என்ற பதிலை வாங்கிக்கொண்டு போனவள். அன்றிலிருந்து தெருவில் பார்த்தால் வானத்தைப் பார்ப்பாள்.

"யாரு, ஓன் யின்னா? ஒரு புள்ளி இருந்ததுக்கு என் நோட்டைத் தூக்கிப் போட்டியே, இப்போ நீயே பன்னெண்டு புள்ளி வெச்சிருக்கியா? கூலி இருபது கியாட் தர்றேன், எனக்கும் ஒண்ணு பார்த்துச் சொல்லேன்!"

"நோயாளிக்குக் கூலி வாங்க மாட்டேன் அக்கா," என்றாள் ஓன் யின். கூடம் சிரித்தது, இந்த முறை மியா சேனைப் பார்த்து.

"ஆளுக்கு ஒரு நல்ல நோட்டு எனக்குக் குடுங்க. நான் ஓட்டை நோட்டு ஒண்ணு குடுக்குறேன். உங்க கைச்செலவுக் காசு எப்படியும் இந்தியாவுலதான் செலவாகப்போகுது. அங்க ஓட்டைக்கு விலை கிடையாது," என்று சொல்லி அவள் பாப்பம்மாவின் நோட்டைச் சுற்றுக்கு விட்டாள். அது கைமாறக் கைமாறக் கூடத்தில் ஒரே கூச்சல். ஒருவர் அதை முகர்ந்து பார்த்தார். ஒருவர் ஓட்டையில் தீக்குச்சி நுழைத்துப் பார்த்தார்.

"இது அவங்க ரூபாய்மா. டாலருக்கும் அதே சட்டமா இருக்கும்னு எப்படி நம்புறது?" என்று ஓர் ஓய்வு பெற்ற வாத்தியார் கேட்டார். நியாயமான கேள்வி. ஓன் யின்னுக்கும் நிச்சயமாகத் தெரியாது. பாப்பம்மாவுக்கும் தெரியாது, அவள் டாலரைக் கண்ணால் பார்த்ததே இந்தச் சந்தில்தான்.

ஓன் யின் கையிலிருந்த இரண்டு தங்க வளையல்களையும் கழற்றி எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தரையில் வைத்தாள். "அங்க ஒருத்தன் ஒரு ரூபாய் குறைச்சாலும் நான் திரும்பி வந்து இதை வித்து ஈடுகட்டுறேன். வளையல் சயாலேகிட்ட இருக்கட்டும்."

சயாலே என்று எல்லோரும் கூப்பிட்டது மடத்துப் பெண் துறவியை. இளஞ்சிவப்பு அங்கி, மழித்த தலை, எழுபதைத் தாண்டிய வயது. வளையல்களை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு அதே பையிலிருந்து பக்தர் யாரோ கொடுத்திருந்த ஒரு நூறு டாலர் நோட்டை எடுத்து நீட்டினார்.

"எனக்கு எல்லா நோட்டும் ஒண்ணுதான்மா. பாம்பு படம் போட்டிருந்தாலும் வாங்கிப்பேன்."

பிறகு வாத்தியார் ஒன்று கொடுத்தார். ஒரு புகைப்படக்கடைக்காரர், அவர் மனைவி, நே லின்னின் தாயார். ஐந்து ஆயிற்று. ஆறாவதுக்கு யாரும் கை தூக்கவில்லை. இன்னும் நான்கு பேரிடம் நல்ல நோட்டு இருந்தது ஓன் யின்னுக்குத் தெரியும். அவளே பார்த்துச் சொன்ன நோட்டுகள். ஒருவர் லுங்கி முடிச்சைச் சரிசெய்தார். ஒருவர் வானிலை பற்றிப் பேசினார். மியா சேன் பட்டுத்துணியில் சுற்றிய தன் புது நோட்டை மடியில் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

கடைசியில் தவுங் பே தொண்டையைச் செருமினார். "ஆறாவதை நான் எடுத்துக்குறேன். அங்க தங்குற விடுதிக்காரனுக்குக் குடுக்க வேண்டியதுதானே. ஆனா வளையல் எனக்கும் சேர்த்துதான்."

வெள்ளிக்கிழமை காலை பதினொன்றே முக்காலுக்கு அவள் பெயருக்கு எதிரே தவுங் பே சிவப்பு மையில் ஒரு டிக் போட்டார்.

பயணம் முழுக்க ஓன் யின் ஒழுங்காகத் தூங்கவில்லை. மற்றவர்கள் பிரார்த்தனை சொல்லிக்கொண்டு வந்தார்கள். அவள் மனசுக்குள் ஆறு பேர் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தாள். புத்தகயாவில் இறங்கி, பனி மூட்டத்துக்கு மேலே கோபுரம் தெரிந்து, எல்லோரும் தரையில் விழுந்து கும்பிட்டபோதும் அவள் கண் தெருவில் நாணய மாற்றுக் கடை இருக்கிறதா என்று தேடியது. அதை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது. பதினோரு வருட ஆசை எதிரில் நிற்கிறது, இவள் கடைப் பலகையைத் தேடுகிறாள்!

கடை கோயிலுக்குப் போகிற வழியிலேயே இருந்தது. எங்கள் ஆட்கள் வருடா வருடம் வருகிற இடமாதலால் கடைக்காரர் உடைந்த பர்மிய மொழி பேசினார். வாசலில் ஒரு பலகை. அதில் சாக்கட்டியால் ஒரே ஒரு வரி: ஒரு டாலர், நாற்பத்து நாலு ரூபாய். ஓன் யின் பலகைக்குப் பின்பக்கமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"ஐயா, மத்த விலையெல்லாம் எங்க எழுதியிருக்கு?"

"மத்த வெலையா? எந்த மத்த வெலை?"

"அரசாங்க வெலை, சுங்க வெலை, பழைய நோட்டு வெலை..."

"இது ஒண்ணுதாம்மா வெலை. ராஜா வந்தாலும் நாப்பத்து நாலு."

ஓன் யின்னுக்கு அந்த மனிதர்மேல் பரிதாபமே வந்துவிட்டது. ஒரே விலையை வைத்துக்கொண்டு இந்த ஊரில் மூளையை எதற்குத்தான் பயன்படுத்துகிறார்கள்?

தவுங் பே விடுதிக்காக வைத்திருந்ததும் சேர்த்து ஆறு ஓட்டை நோட்டும் மேசைமேல் வந்தன. சொல்லாமல் விட்டுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் பார்த்துச் சொல்கிறவள் பார்த்ததைச் சொல்லாமல் இருப்பது எப்படி? "ஐயா, இதுல ஓட்டை இருக்கு. நோட்டுக்கு ரெண்டு," என்றாள்.

"ஓட்டையா? எங்க?" அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கி, ஒன்றைத் திருப்பிப் பார்த்தார். "ஓ, இதா!" ஆறையும் மேசையறைக்குள் தள்ளிவிட்டு, கம்பி தைத்த ரூபாய்க் கட்டு ஒன்றை எடுத்து, ஒரு திருப்புளியால் நெம்பிப் பிரிக்க ஆரம்பித்தார். நோட்டுகள் பர் பர் என்று கிழிகிற சத்தம். முப்பது யாத்திரிகர்களும் காதைப் பொத்திக்கொண்டார்கள். வாத்தியார் சிரித்தார். சயாலே பையைத் திறந்து, வளையல்களை ஓன் யின் கையில் தானே மாட்டிவிட்டார்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு மியா சேன் வந்தாள். பட்டுத்துணியைப் பிரித்து, இஸ்திரி போட்டதுபோல் இருந்த தன் நோட்டைப் பெருமையோடு மேசைமேல் வைத்தாள். ஒரு கோடு இல்லை, ஒரு புள்ளி இல்லை. அசல் மாப்பிள்ளை.

கடைக்காரர் அதைத் தொட்டார். தடவினார். முகம் மாறியது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். உள்ளேயிருந்து தம்பியைக் கூப்பிட்டார். தம்பி தன் மாமாவைக் கூப்பிட்டார். மூன்று தலைகளும் நோட்டின் மேல் குனிந்தன.

"அம்மா, இது ரொம்பப் புதுசா இருக்கே," என்றார் கடைக்காரர் சந்தேகத்தோடு. "யாருமே தொடாத மாதிரி இருக்கு. எங்க அச்சடிச்சது?"

"அச்சடிச்சதா? அச்சடிச்சதா?" மியா சேன் ஓன் யின் பக்கம் திரும்பினாள். "ஓன் யின்! நீ சொல்லேன் இவங்ககிட்ட!"

நான்கு வருடத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து அந்தப் பெயர் கேலியில்லாமல் வந்தது. ஓன் யின்னுக்கு உள்ளே ஒரு குட்டிச் சந்தோஷம் துள்ளியது. அது இல்லை என்று சொன்னால் பொய். அதை விழுங்கிக்கொண்டு முன்னால் வந்தாள். நோட்டை விளிம்பில் பிடித்து, உள்ளே மறைந்திருக்கும் முகத்தைக் காட்டினாள், நிறம் மாறும் எண்ணைச் சாய்த்துக் காட்டினாள், மெல்லிய இழையைக் காட்டினாள். மூன்று பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வாய்பிளந்து கேட்டார்கள். "நல்ல நோட்டு," என்றாள் ஓன் யின். கடைக்காரர் ஒரு பெருமூச்சு விட்டு நாலாயிரத்து நானூறு ரூபாயை எண்ணி வைத்தார். ஓட்டை நோட்டுக்குக் கொடுத்த அதே தொகை.

அதற்குப் பிறகுதான் ஓன் யின் மரத்தடிக்குப் போனாள். அப்போது மனசில் யார் பெயரும் இல்லை. இலைகள் சலசலத்தன. எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் அவரவர் மொழியில் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் கால்களை மடக்கி உட்கார்ந்து, கண்ணை மூடினாள். சந்தோஷமாக இருந்தது. இவ்வளவு சந்தோஷம் வருமென்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை.

எவ்வளவு நேரம் போனதோ தெரியாது, பக்கத்தில் யாரோ முழங்கால் மடக்கி உட்காரும் சத்தம் கேட்டது. தோளை ஒரு விரல் தொட்டது.

"தங்கச்சி," என்று மியா சேன் கிசுகிசுத்தாள். "தூங்கிட்டியா? பூக்காரி மீதிச் சில்லறை குடுத்தா. பத்து ரூபாய் நோட்டு. ஒரு மூலையே இல்ல. மேல என்னமோ எண்ணெய். நடுவுல ஒட்டியிருக்கு. கொஞ்சம் பாரேன், இது செல்லுமா?"

ஓன் யின் கண்ணைத் திறக்கவில்லை.

"செல்லும் அக்கா."

"பாக்காமலே சொல்றியே!"

"செல்லும். இங்க எல்லாம் செல்லும்."

மியா சேன் அந்த நோட்டை இன்னும் ஒருமுறை திருப்பிப் பார்த்தாள். பிறகு அதை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, கையைக் கூப்பி, அவள் பக்கத்திலேயே கண்ணை மூடி உட்கார்ந்தாள்.